மூடி பிடிக்கிற கை

— கதவ மூடு. வெளிக்காத்து உள்ள வருது.

— பதினோரு நாள் கழிச்சு வாயத் தொறக்குறீங்க. அதுவும் கதவ மூடச் சொல்லவா?

— இது வேலை விஷயம். நீ செல்லுக்குத் தீனி கலக்குற மீடியா ரூம், நான் அத ஊத்தி வளக்குற செல் ரூம். கதவு ரெண்டு பேருக்கும் பொது.

— சரிங்க சார். மூடியாச்சுங்க சார். வேற ஏதாவது வேலை விஷயம் இருக்குங்களா சார்?

— இருக்கு. இந்தத் தடவ உன் மீடியாவுல என்ன போட்ட?

— ஆரம்பிச்சாச்சா! அன்னிக்கு மீட்டிங்ல, போன தடவ வளத்த செல்லுல கிருமி எப்படி வந்துச்சுன்னு பெரிய டாக்டர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள, 'மீடியாவுலேருந்து வந்திருக்கலாம் சார்'னு ஒப்பிச்சீங்களே, அது பத்தலையா? கட்டின பொண்டாட்டி எதிர் நாற்காலியில உக்காந்திருக்கேன். பதினாலு பேரும் திரும்பி என் மூஞ்சியப் பாத்தாங்க.

— 'இருக்கலாம்'னுதான் சொன்னேன்.

— ஆமா, ரொம்பப் பெருந்தன்மை. அந்த 'லாம்'ல ஏறி நின்னு ஊரையே பாத்துட்டேன் நான்.

— ஒரு நிமிஷம். சண்டைய வீட்டுல வச்சுக்கலாம்.

— வீட்டுல எங்க வச்சுக்கிறது? அங்கதான் பாப்பா போஸ்ட்மேன் வேல பாக்குதே. 'அப்பாகிட்ட சொல்லு, துண்டு கொடியில இருக்கு.' 'அம்மாகிட்ட சொல்லு, எனக்கே தெரியும்.' நேத்து என்கிட்ட வந்து கேக்குது, இந்த வேலையில எனக்கு லீவு உண்டாம்மான்னு.

— அந்தப் பேச்ச விடு. இந்த ஃப்ளாஸ்க்க வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. என்ன கலர்?

— ரோஸ்.

— எப்படிப்பட்ட ரோஸ்?

— நான் பாட்டில்ல ஊத்தி வச்சேனே, அதே ரோஸ். இன்னிக்குத்தான் கலக்கின மாதிரி இருக்கு.

— அதான் எனக்கு மண்ட காயுது. செல்லு போட்டு பன்னண்டு நாளாச்சு. இந்நேரம் ஒரு நாள் விட்டா ஆரஞ்சாகணும், ரெண்டாம் நாள் மஞ்சளாகணும். தின்னு கழிவு விட்டாத்தான மஞ்சளாகும்? இது தினமும் ரோஸாவே உக்காந்திருக்கு.

— சிவப்பு டேப்பு மூடி... ஏங்க, இது நம்ம சிலிண்டர்காரரோட கண்ணு செல்லா?

— ஆமா.

— ஐயையோ. வர்ற வெள்ளிக்கிழமை அவருக்கு ஆபரேஷன்!

— அதான் கூப்பிட்டேன். இல்லேன்னா உன்ன எதுக்குக் கூப்பிடப் போறேன்?

— நல்லா வாயில வருது. மைக்ராஸ்கோப்புல பாக்க வேண்டியதுதான?

— எதுல? பல்பு போயி பத்து நாளாச்சு. வரும் வரும்ங்கிறாங்க. மேல் மாடிக்கு எடுத்துட்டுப் போனா வழியில ஏதாவது ஒட்டிக்கும், கூடாதுன்னு பெரிய டாக்டர் உத்தரவு. கலரப் பாத்துத்தான் இப்ப நம்ம பொழப்பு.

— வெறும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே.

— எப்படித் தெரியும்? பொடிப்பொடியா பிரிச்சுப் போட்டது. உள்ள ஒண்ணுமே இல்லாட்டியும் இப்படித்தான் இருக்கும், லட்சம் இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். சரி, வரிசையா போவோம். தண்ணி?

— ரெண்டு தடவ காய்ச்சி வடிச்சது.

— பவுடர்?

— புது டப்பா. சீல் உடைச்சதே நான்தான்.

— பைகார்பனேட் நிறுத்துப் போட்டியா, இல்ல கண்ணளவா?

— நல்லாக் கேட்டுக்குங்க. கண்ணளவுல நான் வீட்டுல உப்புகூடப் போட மாட்டேன். நிறுத்தேன், கலந்தேன், அமில அளவு பாத்தேன், ஃபில்டர்ல வடிச்சேன். சீரம் அவரோட ரத்தத்துலேருந்தே எடுத்தது, பத்துல ஒரு பங்கு. இன்குபேட்டர் உங்க பொறுப்பு. அத நீங்க சொல்லுங்க. சூடு?

— முப்பத்தேழு.

— கேஸ்?

— கார்பன் டை ஆக்ஸைடு அஞ்சு சதவீதம் காட்டுது. கேஸ் குறைஞ்சிருந்தா ஊதாவா மாறும். ஊதாவும் ஆகல, மஞ்சளும் ஆகல. ஒண்ணுமே புரியலம்மா.

— அம்மா, சாரு! சிலிண்டர் கொண்டாந்திருக்கேன். உள்ள வரலாமா?

— வாங்கண்ணே. ஆனா அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க. கண்ணுக்கட்டு மாத்தினீங்களா?

— காலையிலதான் மாத்தினாங்கம்மா. அட! சத்தியமா நான் காண்றது நெசந்தானா? ரெண்டு பேரும் பேசிக்கிறீங்க! இந்தக் கட்டடமே இதத்தான் எதிர்பாத்துக்கிட்டுக் கெடக்கு. கீழ வாட்ச்மேன்கூடக் கேட்டாரு, மேல இன்னும் மௌன விரதம்தானான்னு.

— வேல விஷயமாப் பேசுறோம்ணே.

— பேசுங்க சாரு, நல்லாப் பேசுங்க. என் கண்ணு எப்படி இருக்கு? ஒழுங்காச் சாப்பிடுதா?

— ம்... சாப்பிடும்ணே.

— 'சாப்பிடும்'னா? சாப்பிடுதா, சாப்பிடலையா? டேங்கு கழுவுற காரம் தெறிச்சப்பகூட நான் இப்படிப் பயப்படல சாரு. வளத்து அந்தக் கெட்ட கண்ணுல ஒட்டணும்னு இந்த நல்ல கண்ணு ஓரத்துல கடுகளவு கிள்ளி எடுத்தாங்க பாருங்க, அப்பதான் பயந்துட்டேன். டாக்டரு தீர்த்துச் சொல்லிட்டாரு. இது ஒரு தடவதான். மறுபடி அந்தக் கண்ணுல கை வைக்க மாட்டோம், வச்சா இருக்குறதும் போயிரும்னு.

— தெரியும்ணே. உங்க ரத்தத்துச் சீரமே ஊத்தி வளக்குறோம். கவலப்படாதீங்க.

— என் ரத்தத்த என் கண்ணே குடிக்குது! எம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், சிரிக்கிறா. ஆமாம்மா, அன்னிக்கு ரெண்டு பாட்டில் காட்டுனீங்களே, சிவப்பு மூடி ஒண்ணு, நீல மூடி ஒண்ணு. சிவப்பு என்னுது. அந்த நீலம் யாரோடது?

— அது யாரோடதும் இல்லண்ணே. வெறும் ஃப்ளாஸ்க். உள்ள செல்லே கெடையாது, நான் கலக்குற மீடியா மட்டும் இருக்கும். நான் கலக்கினதுல கிருமி இருந்துச்சுன்னா அதுல தெரிஞ்சிரும். சும்மா இருக்க வேண்டியது மஞ்சளாகும், கலங்கும்.

— அப்ப மஞ்சளானா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?

— இல்லண்ணே. உங்க கண்ணு மஞ்சளானா நல்லது. தின்னுருக்குன்னு அர்த்தம். தெளிவா, டீ வடிச்ச மாதிரி மஞ்சளா இருக்கும். கிருமின்னா மஞ்சளோட கலங்கலும் இருக்கும், அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி.

— அப்ப என்னுது மஞ்சளாச்சா?

— அண்ணே, சிலிண்டர் மாட்டணும்னு சொன்னீங்களே.

— மாட்டுறேன் சாரு. அப்படியே ஸ்டோர் ரூம் சின்ன சிலிண்டரையும் பாக்கட்டா? போன வெள்ளிக்கிழமை கேட்டு வாங்கினீங்களே, அது இந்நேரம் பாதி...

— அத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல காரிடார்ல மாட்டிட்டு வாங்க.

— சரி சாரு. சண்ட போட்டுராதீங்க. இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கீங்க.

— போயிட்டாரு. ஏங்க, அவருகிட்ட என்னன்னு சொல்றது?

— இப்ப எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு நிமிஷம் யோசிக்க விடு. தின்னாம எப்படி இருக்கும்? நான் தினமும் காலையில பழச எடுத்துட்டுப் புதுசு ஊத்துறேன்.

— என்னது? தினமுமா?

— போன வாரத்துலேருந்து தினமும். ஒன்பது மணிக்கு.

— எழுதலையே?

— நீ பாத்துட்டு, 'மீடியாவ ஏன் இப்படி வீணாக்குறீங்க'ன்னு பாப்பாகிட்ட சொல்லி விடுவ. அதான் எழுதல.

— போச்சு. நான் மத்தியானம் மாத்துறேன்.

— நீயா?

— நீங்க சாப்பிடப் போற நேரமாப் பாத்து உள்ள வருவேன். கோவத்துல இருக்கீங்க, மறந்துருவீங்க, அந்த மனுஷன் கண்ணு பட்டினி கெடக்கக் கூடாதேன்னு. எழுதினா உங்க வேலையில நான் கை வச்சேன்னு ஆகும். நானும் எழுதல.

— அடிப்பாவி! காலையில நான் ஊத்தினத மத்தியானம் நீ எடுத்துட்ட. மத்தியானம் நீ ஊத்தினத மறுநாள் காலையில நான் எடுத்துட்டேன். அப்புறம் எங்கேருந்து மஞ்சளாகும்?

— சிரிக்காதீங்க.

— நீதான் சிரிக்கிற.

— சிரிப்பு வந்தா என்ன பண்றது? எட்டு நாளா ஒரு கடுகளவு கண்ணுக்கு ரெண்டு வேளப் பந்தி வச்சிருக்கோம். அப்ப செல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கும், இல்ல? நாமதான் மஞ்சளாக விடல.

— இருக்கும். கண்டிப்பா இருக்கும். அப்பாடா... இரு. ஒரு நிமிஷம்.

— மறுபடி என்ன?

— நேத்து நீ மாத்தினியா?

— நேத்து நான் எங்க வந்தேன்? பாப்பா ஸ்கூல்ல கூப்பிட்டாங்கன்னு போனேனே. அப்பாகிட்ட சொல்லுன்னு அவகிட்ட சொல்லி விட்டேன்.

— அவ சொன்னா. நேத்து காலையில பெரிய டாக்டர் கூப்பிட்டாரு. நாள் முழுக்க மீட்டிங். நானும் மாத்தல.

— அப்ப நேத்து யாருமே மாத்தலையா? முந்தாநேத்து?

— முந்தாநேத்து ஞாயித்துக்கிழமை. காலையில நான் ஒருத்தன்தான் வந்தேன். ஊத்தினேன். அதுக்கப்புறம் யாரும் தொடல.

— ஞாயிறு காலை, திங்கள் காலை, இன்னிக்குச் செவ்வாய். முழுசா ரெண்டு நாள்.

— ரெண்டு நாள். பன்னண்டு நாள் வளர்ந்த செல்லு. இப்பப் பாரு, என்ன கலர்?

— ரோஸ்.

— உள்ள யாருமே சாப்பிடல.

— அப்படிச் சொல்லாதீங்க.

— நான் என்ன பண்ணட்டும்? கண்ணக் கட்டி காட்டுல விட்ட மாதிரி இருக்கு. மீடியா சரி, சூடு சரி, கேஸ் சரி. சாகுறதுக்கு ஒரு காரணமும் இல்ல. ஆனா உசுரு இருக்குறதுக்கும் அடையாளம் இல்ல.

— நீங்க போடும்போதே செத்துப் போயிருந்தா?

— இல்ல. போட்ட மறுநாள் மைக்ராஸ்கோப்புல பாத்தேன். அப்ப பல்பு இருந்துச்சு. நல்லா ஒட்டிக்கிட்டு, கைகால் நீட்டிக்கிட்டு இருந்துச்சுங்க எல்லாம். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. உன்கிட்டச் சொல்லணும்னு ஓடி வந்தேன். அன்னிக்குத்தான் அந்த மீட்டிங்.

— வந்து சொல்லலையே நீங்க.

— நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட.

— சாரு, மாட்டியாச்சு. அழுத்தம் பாத்துட்டேன், நல்லா இருக்கு. என்ன, ரெண்டு பேரும் மூஞ்சி தொங்கிப் போயி நிக்கிறீங்க? நான் அந்தாண்ட போறதுக்குள்ள மறுபடி சண்டையா?

— சண்ட இல்லண்ணே.

— பின்ன? அம்மா, இப்பவாவது சாருக்குக் கொஞ்சம் கை குடுங்க. போன வாரம் திங்கக்கிழமை நான் இந்தக் கண்ணாடி வழியா ஒத்தக் கண்ணால பாத்துக்கிட்டு நின்னேன். பாவமா இருந்துச்சு. எப்பவும் நீங்க ரெண்டு பேரும் ஜோடியா உக்காருவீங்க. அவரு ஊத்துவாரு, நீங்க வலது கையில ஒரு மூடி, இடது கையில ஒரு மூடி பிடிச்சுக்கிட்டு செல மாதிரி இருப்பீங்க. அன்னிக்கு சாரு ஒண்டியா.

— திங்கக்கிழமையா? அன்னிக்குப் புது லாட் மீடியா கலக்கி வச்சேன். சிவப்பு, நீலம் ரெண்டையும் மாத்த வேண்டிய நாளு.

— ஆமாம்மா. ரெண்டையும் தொறந்து வச்சுக்கிட்டு, மூடிய எங்க வைக்கிறதுன்னு தெரியாம சாரு தடுமாறினாரு. பொறவு ரெண்டு மூடியையும் பக்கத்துல பக்கத்துல தட்டுல கவுத்து வச்சாரு. ஒரு தடவ போன் வேற அடிச்சுது, திரும்பிப் பாத்தாரு.

— தட்டுலயா வச்சீங்க?

— வேற எங்க வைக்கிறது? எனக்கு ரெண்டு கைதான இருக்கு.

— ஏழு வருஷமா மூடிய நான்தான பிடிக்கிறேன். கீழ வச்சதே இல்லையே நாம.

— நீ வரல.

— நீங்க கூப்பிடல.

— என்னம்மா, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?

— இல்லண்ணே, இல்ல. நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல. நீங்க கீழ போயி காலி சிலிண்டருக்குக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. கொஞ்சம் பொறுத்து மேல வாங்க, விவரமாப் பேசலாம்.

— சரிம்மா. வெள்ளிக்கிழமைன்னு வீட்டுல சொல்லிட்டேன். எம் பொண்ணு காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கா. மொதல்ல எந்தக் கண்ணால என்னப் பாப்பீங்கன்னு கேக்குறா, லூசு. வரேன்.

— போயிட்டாரா?

— படி எறங்கிட்டாரு.

— ஃப்ளாஸ்க் மேல பேர எழுதாம மூடியில டேப் ஒட்டுனது யாரு? நான்தான். மேல எழுதினா ஸ்பிரிட் வச்சுத் துடைக்கும்போது மை கரைஞ்சு போகுதுன்னு டேப்ப மூடியில ஒட்டினேன். என் கையில மூடி இருக்குற வரைக்கும் மாறாதுன்னு ஒரு தைரியம். ஏங்க, மூடி மாறிப் போச்சுங்க.

— மாறியிருக்காது.

— அப்ப இது ஏன் ரோஸா இருக்கு? எட்டு நாளா ரெண்டு வேளயும் நாம ஊட்டினது வெறும் ஃப்ளாஸ்க்குக்கு. சிவப்பு மூடி போட்ட வெறும் தண்ணிக்கு! அவரு கண்ணு நீல மூடி போட்டுக்கிட்டு மூலையில கெடந்திருக்கு. அது வெறும்தானன்னு யாரும் ஒரு சொட்டு ஊத்தியிருக்க மாட்டோம்.

— ஒரு நிமிஷம்... ஒரு நிமிஷம் இரு.

— எங்க அது? நீல மூடி எங்க? நாலு நாளா அதக் காணோம். தினமும் பாக்குறேன், எடம் காலியா இருக்கு. எதுவோ கெட்டுப்போச்சு, நீங்க எடுத்துட்டுப் போயி பெரிய டாக்டர்கிட்ட காட்டிட்டீங்க, எனக்கு எப்ப ஓலை வரும்னு காத்துக்கிட்டு இருக்கேன். கேக்கவும் மனசு வரல. வறட்டு ரோஷம். சொல்லுங்க, எங்க அது?

— போன வெள்ளிக்கிழமை காலையில வந்து பாத்தேன். நீல மூடி மஞ்சளா இருந்துச்சு.

— மஞ்சளா?

— நல்ல மஞ்சள். வெறும் ஃப்ளாஸ்க் மஞ்சளானா உன் மீடியா கெட்டுப்போச்சுன்னுதான அர்த்தம்?

— கடவுளே. வெறும் ஃப்ளாஸ்க் மஞ்சளானா விதி என்ன? நானே சொல்றேன். அந்த நிமிஷமே ப்ளீச்சிங் வாளியில கொட்டணும். அந்த லாட் பாட்டில் அத்தனையையும் கொட்டணும். ரிஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். நீங்க செஞ்சிருப்பீங்க. விதின்னா உசுர விடுற ஆளாச்சே. கடுகளவு கண்ணு. பசியில தின்னு தின்னு மஞ்சளாகி, எனக்கு இன்னும் குடுன்னு கேட்டிருக்கு. நாம அத ப்ளீச்சிங்ல...

— அழாத. நான் சொல்றதக் கேளு.

— என்ன கேக்குறது? அந்த மனுஷன்கிட்ட யாரு சொல்லப் போறா? நாங்க வீட்டுல பேசிக்கல, அதனால உங்க கண்ணு போச்சுன்னா? ஒரு மூடி பிடிக்க நான் வந்திருந்தாப் போதும். ரெண்டு நிமிஷம். பேசக்கூட வேண்டாம், வந்து கையை நீட்டியிருந்தாப் போதும். என்ன மாதிரி ஒரு பாவி உண்டா?

— ரிஜிஸ்டரத் தொற.

— எனக்கு வேண்டாம்.

— தொறம்மா. வெள்ளிக்கிழமை பக்கம். என்ன எழுதியிருக்கு?

— ஒண்ணும் இல்ல. காலியா இருக்கு. ஏங்க, எழுதலையா நீங்க?

— எழுதினா உன் பேரத்தான எழுதணும்? ஏற்கெனவே ஒரு தடவ என் வாயாலயே சொல்லிட்டேன். ரெண்டாவது தடவன்னா உன்ன மீடியா ரூம விட்டே தூக்கிருவாங்க. பேனாவ எடுத்தேன், வச்சேன். கை வரல.

— எழுதாம எப்படிக் கொட்டினீங்க?

— கொட்டல.

— என்ன சொல்றீங்க?

— பண்ணது தப்புதான். இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள என்ன விஷயம்னு தெரியலேன்னா நானே போயி ஒத்துக்கலாம்னு இருந்தேன். ஸ்டோர் ரூம்ல பழைய இன்குபேட்டர் இருக்குல்ல, அதத் துடைச்சு, சூடு ஏத்தி, அவருகிட்டயே ஒரு சின்ன சிலிண்டர் வாங்கி மாட்டினேன். உன் மீடியா மேல தப்பில்லன்னு காட்டணும், அவ்வளவுதான் மனசுல. மஞ்சள எடுத்துட்டு, அவரு சீரம் கலந்த வேற லாட் ஊத்தினேன். ஞாயித்துக்கிழமை பாத்தா அதுவும் மாறிப்போச்சு. மறுபடி ஊத்தினேன். கிருமின்னா கலங்கணும், கலங்கவும் மாட்டேங்குது. கிருமி இல்லேன்னா ரோஸா இருக்கணும், அப்படியும் இருக்க மாட்டேங்குது. நாலு நாளா எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல.

— கடைசியா எப்பப் பாத்தீங்க? சொல்லுங்க! எப்படி இருந்துச்சு?

— இன்னிக்குக் காலையிலம்மா. மஞ்சளா, டீ வடிச்ச மாதிரி, தெளிவா இருந்துச்சு.